கலிமா விரல்

2019ஆம் ஆண்டு, ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் பிரஸ் எந்திரத்தில் என் வலக்கைக் கலிமா விரல் நசுங்கியது. எலும்பு முறிந்தது, விரல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவே மனைவி ஒரு நோட்டைத் தந்து, "எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்" என்றாள். கடனை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகராவின் 282ஆம் வசனத்தைப் பலமுறை ஓதியிருக்கிறேன். காயத்தையும் எழுதலாமென்று தோன்றியதில்லை. விபத்துப் பதிவேட்டின் விவரம், உடன் நின்ற இருவரின் பெயர்கள், எக்ஸ்ரே எடுத்த நாள், பிசியோதெரபி, கட்டின்மேல் மஸ்ஹு செய்து ஒளூவை முடித்த வாரங்கள் யாவும் இடக்கை எழுத்தில் ஏறின. தற்காலிக ஊனக் காலத்துக்கு இ.எஸ்.ஐ. ஊதியத்தில் 90 விழுக்காடு தந்தது. அதற்கு மருத்துவச் சான்று இடையறாது தொடர வேண்டியிருந்தது.

நிரந்தர ஊனத்தைக் கணிக்கும் மருத்துவக் குழுவுக்குச் செல்லும் முன், உடன் பணிபுரிந்த அண்ணன் ஒருவர், "விரல் மடங்கவே இல்லையென்று சொல், தம்பி, மாதாமாதம் கூடுதலாக வரும்" என்றார். மகளின் பள்ளிக் கட்டணம் நினைவில் ஓடியது.

மருத்துவர் மடக்கச் சொன்னார். மடங்கிய அளவுக்கு மடக்கினேன். வலித்த இடத்தில், வலிக்கிறது என்றேன். உரிமையை விட்டுக்கொடுக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை.

கிடைத்த தொகை சிறியதுதான். ஆனால் சகோதரர்களே, ஒவ்வோர் அத்தஹிய்யாத்திலும் இறைவன் ஒருவனே எனச் சாட்சி சொல்ல உயரும் விரல் அது. அதைக்கொண்டு வேறொரு சாட்சியைப் பொய்யாக எப்படிச் சொல்வேன்?