சேர்க்காமல் காக்கும் கலை

தென்னம்பாளையில் ஊறும் சாற்றை அதன் இயல்பு கெடாமல் இறக்குவது, பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தோப்புத் தொழில்களுள் மிகுந்த கவனத்தைக் கேட்பதாகும். விரியாத பூங்கொத்தை உறையோடு பொதிந்து வைத்திருக்கும் தண்டே பாளை எனப்படுகிறது. அதை இறுகக் கட்டி, வெடிக்காதவாறு மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிவந்தால், ஓரிரு வாரங்களில் சாறு சொட்டத் தொடங்குகிறது. தட்டு மிகுந்தால் பாளை நசுங்கி அழுகும், குறைந்தால் ஊற்று திறக்காது என்பதால், அந்த அளவு மரமேறியின் மணிக்கட்டில் பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே படிகிறது.

இறங்கும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவிற்குச் சர்க்கரை இருப்பதால், காற்றிலும் கலயத்திலும் சீவிய வாயிலும் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் உடனே அதில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவை சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும் இச்செயலே நொதித்தல் எனப்படும். அதற்கு இடங்கொடுத்தால் சாறு கள்ளாகிறது, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசித் தடுத்தால் பதநீராகிறது, குளிரில் வைத்துக் காத்தால் நீராவாக நிற்கிறது. ஒரே பாளையின் சாற்றுக்கு இவ்வாறு மூன்று பெயர் அமைவது காலமும் காவலும் மாறுவதால்தான்.

பிரான்சின் போழோலே மலைச்சரிவுகளில் விளையும் கமே என்னும் கருந்திராட்சையிலிருந்து வரும் மெல்லிய சிவப்பு ஒயினும், நொதித்தலை எதைக்கொண்டு கட்டுக்குள் வைப்பது என்னும் இதே கேள்வியைச் சந்தித்தது. அங்கே சுண்ணாம்பின் இடத்தில் இருந்தது கந்தகம். வேண்டாத நுண்ணுயிர்களை அடக்குவதற்காகக் கந்தக டை ஆக்சைடைச் சேர்ப்பதும், ஆலையில் வளர்த்த ஈஸ்டைத் தூவுவதும் வழக்கமாகியிருந்த காலத்தில், வேதியியல் கற்ற ஒயின் வணிகர் ழூல் ஷோவே (1907–1989) பழத்தோலில் வாழும் ஈஸ்டே போதும் என்று ஆய்ந்து காட்டினார். 1973இல் குடும்பத் தோட்டத்தை ஏற்ற மோர்கோன் ஊர்ப்பகுதியின் மார்செல் லாப்பியேர் அவ்வழியைப் பின்பற்றி, நிலத்தில் வேதி உரமும் பூச்சிமருந்தும் தவிர்த்து, சுற்றிலும் நிலவிய வழக்கத்துக்கு மாறாக நின்றார்.

இவ்விரு தொழில்களும் ஒன்றுபடும் இடம் குளிர்ச்சி. கந்தகத்தைக் கைவிட்டவர்கள், கறைபட்ட பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கி, முழுக் குலைகளைக் குளிர்வித்துத் தொட்டியில் இட்டு, கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கச் செய்தனர். அதனால் துவர்ப்புக் குறைந்த, இலகுவான ஒயின் கிடைத்தது. சுண்ணாம்பைக் கைவிட விரும்பியவர்களுக்குக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையிலேயே பனிக்கட்டிப் பெட்டியைப் பொருத்தும் முறையை வகுத்துக் கொடுத்தது. சேர்மானம் ஒன்றை நீக்கும்போது அதன் இடத்தை உழைப்பும் தூய்மையும் நேரந்தவறாமையும் நிரப்ப வேண்டும் என்பதை இரண்டும் ஒருங்கே கற்பிக்கின்றன. கலயத்தைக் கழுவுவதில் ஒருநாள் காட்டிய சோம்பல் மறுநாள் சாற்றின் புளிப்பில் தெரிந்துவிடும். மறைப்பதற்கு வேறு சுவை எதுவும் அதில் இல்லை.

இவ்விரு தொழில்களின் மேலும் சட்டத்தின் நிழல் படிந்துள்ளது. பர்கண்டிக் கோமகன் பிலிப் 1395இல் தன் நாட்டிலிருந்து கமே கொடிகளை அகற்ற ஆணையிட்டபோதும் அக்கொடி தெற்கே போழோலேயின் கருங்கல் மண்ணில் நிலைபெற்றது. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவ, வாளையாற்றுக்கு அப்பால் கேரளத்துச் சித்தூர்த் தோப்புகளில் அத்தொழில் உரிமம் பெற்று நடக்கிறது. நொதிக்காத நீரா இறக்குவதற்குத் தமிழக அரசு 2017இல் வழிதிறந்த பின், கொங்குத் தென்னை உழவர்களுக்குப் பாளைத்தொழில் மீண்டும் ஒரு வருவாயாகும் வாய்ப்பு அமைந்தது.

ஆயினும் பெட்டியும் பனிக்கட்டியும் வாங்கக் கிடைப்பவை. பாளையைத் தட்டும் கை வாங்கக் கிடைப்பதன்று. மரமேறுவோர் அருகிவரும் இக்காலத்தில், ஏறும் உயிருக்குக் காப்பும் உழைப்புக்கு ஏற்ற கூலியும் தந்து அடுத்த தலைமுறையை மரத்தடிக்கு அழைப்பதே, எதையும் சேர்க்காத இச்சாற்றைக் காப்பதற்கு உரிய முதல் வழியாகும்.