படலைச் சாத்திவிட்டுப் போங்கள்!

ஒரு சாலை என்றால் அதற்கு என்னவெல்லாம் வேண்டும்? சர்க்கார் வேண்டும், இஞ்சினீயர் வேண்டும், காண்டிராக்டர் வேண்டும். பிறகு வழிகாட்டிப் பலகை, சுங்கச் சாவடி! இவர்களில் ஒருவரையும் கேட்காமல், 50,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு வழியைச் சிலர் ஐரோப்பாவில் உண்டாக்கியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே 40,000 கிலோமீட்டர்தான்!

இந்த வழிக்கு 'டிரான்ஸ் யூரோ டிரெயில்' என்று பெயர். மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சிலர் 2017-ம் ஆண்டில் தொடங்கியது. வடகோடியில் நார்வே, தெற்கே கிரீஸ், மேற்கே போர்ச்சுகல் என்று கண்டம் முழுவதும் ஓடுகிறது. புதிதாக ஒரு முழம் ரோடுகூட அவர்கள் போடவில்லை. காட்டில் மரம் ஏற்றும் லாரிகள் போகும் தடம், பழைய வண்டிப் பாதை, சரளைக்கல் ரோடு என்று ஏற்கெனவே இருந்தவற்றைத் தேடிப் பிடித்து, உதிரிப் பூவைச் சரமாகத் தொடுப்பதுபோல் தொடுத்திருக்கிறார்கள். தார் ரோட்டைக் கூடுமானவரை தொடுவதில்லை.

தொடுத்தவர்கள் யார்? ஒவ்வொரு நாட்டிலும் 'லைன்ஸ்மேன்' என்று தொண்டர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. எந்தத் தடத்தில் மோட்டார் வண்டி போகச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று விசாரித்து, ஓட்டிப் பார்த்து, படத்தில் கோடு போட்டு வைக்கிறார்கள். அந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஆற்று வெள்ளத்தில் பாலம் போய்விட்டதா? நிலத்துக்காரர் ஆட்சேபிக்கிறாரா? உடனே கோட்டை அழித்து வேறு பக்கம் திருப்ப வேண்டியதும் அவர்கள் பொறுப்புத்தான்.

வாருங்கள், பின் ஸீட்டில் ஏறிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம். மூட்டை சின்னதாகவே இருக்கட்டும். ஒரு கூடாரம், மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, கொஞ்சம் குடிதண்ணீர். போகிற வண்டியே ஒன்றரை, இரண்டு குவிண்டால் கனம். சேற்றில் சாய்ந்தால் தூக்கி நிறுத்துபவர் நாம்தான்!

முதலில் ஸ்வீடன். இரு புறமும் ஊசியிலை மரங்கள், நடுவே சரளைப் பாதை, திடீர் திடீரென்று ஏரி. காடுதானே என்று பாதையை விட்டு இறங்கிவிடாதீர்கள்! அங்கே மண் தரையில் மோட்டார் வண்டியை இறக்குவது சட்ட விரோதம். இந்தச் சரளைப் பாதைகளில் பெரும் பகுதி சர்க்காருடையதும் அல்ல. அக்கம் பக்கத்தில் வீடும் காடும் வைத்திருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து, செலவைப் பகிர்ந்துகொண்டு, தாங்களே சரளை போட்டு, பனி தள்ளிக் காப்பாற்றி வருகிறார்கள். சர்க்கார் மானியம் வாங்கும் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். வாங்காத பாதையில் மோட்டார் வண்டி வரலாமா, கூடாதா என்று சொல்வது சொந்தக்காரரின் இஷ்டம். அவர்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிப் போவதாகவே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்தால், அடுத்த வாரம் அங்கே தடைப் பலகை நிற்கும். அப்புறம் அவர் பின்னால் வரும் ஆயிரம் பேருக்கும் வழி இல்லை!

அடுத்தது ருமேனியா. கார்ப்பேதிய மலைச்சாரலில் கோடைக்காலத்தில் ஆட்டு மந்தைகள் மேய்கின்றன. மந்தைக்குக் காவல் பெரிய பெரிய நாய்கள். கரடியையும் ஓநாயையும் எதிர்க்கப் பழகியவை. மோட்டார் சைக்கிளுக்குப் பயப்படுமா? மந்தையைக் கலைக்காமல் மெதுவாக ஒதுங்கிப் போவதே உத்தமம். இடையனைப் பார்த்துக் கையை உயர்த்தி ஒரு வணக்கம் போட்டால், நாயை அவன் அதட்டுவான். வழி கொடுப்பது எப்போதும் மனிதர்கள்தாம்.

கடைசியாக இங்கிலாந்து. அங்கே பழைய காலத்து வண்டித் தடங்கள் வயல்களுக்கு நடுவே இன்னும் இருக்கின்றன. ஆனால் 2006-ம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், அவற்றில் பலவற்றில் மோட்டார் வண்டிக்கு இருந்த உரிமையை எடுத்துவிட்டது. இரைச்சல் தாங்கவில்லை, தடம் உழுத வயலாகிவிட்டது என்று புகார் எழுந்ததுதான் காரணம். நடந்து போகிறவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் அந்தப் பாதை சொந்தமல்லவா? அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மிஞ்சிய தடங்களாவது நிலைக்க வேண்டுமே! 1970-ல் தோன்றிய 'டிரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தார் வழியை மறிக்கும் கிளையை வெட்டுகிறார்கள், அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடுகிறார்கள். குதிரை எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட வேண்டும், பெருமழைக்குப் பின் சேற்றுத் தடத்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்!" என்று யாராவது சொன்னால், தெரஸா வாலக், ஃப்ளாரென்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்மணிகளை ஞாபகப்படுத்துங்கள். 1934 டிசம்பரில் லண்டனில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சகாராப் பாலைவனத்தைத் தாண்டி, 1935 ஜூலையில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்!

இதோ, ஆங்கிலேய வயற்புறத்தில் ஒரு படல். திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும். சாத்தியிருந்தால், தாண்டிய பிறகு இறங்கி வந்து சாத்த வேண்டும். இது அந்த ஊர்க் கிராமத்து மரியாதை. மழை தூறுகிறது, கையுறை நனைந்திருக்கிறது, இறங்கச் சோம்பலாகத்தான் இருக்கும். பார்ப்பவர்களும் யாரும் இல்லை. ஆனால் 50,000 கிலோமீட்டர் வழியும் அந்தப் படலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இறங்குங்கள், சாத்திவிட்டு மேலே போவோம்!