வேவுக்காரியின் பக்கம்

‘தி ஈஸ்ட்’ படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் நேர்மையற்றது. ஸால் பாட்மங்லிஜ் இயக்கி 2013இல் வந்த படம் அது. எழுதியதைப் பலர் பாராட்டினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பெருநிறுவனங்களுக்காக வேவு பார்க்கும் ஒரு தனியார் கம்பெனியின் ஆள் ஜேன். பிரிட் மார்லிங் நடித்திருந்தார். சாரா என்ற பொய்ப்பெயரில் தீவிரச் சூழலியல் குழு ஒன்றுக்குள் நுழைகிறாள். அதற்காகக் குளிர்பானத் தகர டப்பாவால் தன் கையைத் தானே அறுத்துக்கொள்கிறாள். குழுவினர் அவளை வீட்டில் சேர்த்துக் காயத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். அவளுடைய சாமர்த்தியத்தை வியந்து வியந்து எழுதினேன். முன்பின் தெரியாதவளுக்குக் கட்டுப்போட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற தவிப்புதான் படம் முழுக்க எனக்கு.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மார்க் கென்னடி என்ற லண்டன் போலீஸ்காரரின் கதை 2011 தொடக்கத்திலேயே செய்தித்தாள்களில் வந்துவிட்டது. மார்க் ஸ்டோன் என்ற பெயரில் ஏழு ஆண்டுகள் இங்கிலாந்தின் சூழல் போராளிகளோடு வாழ்ந்தவர். பெண்களோடு உறவும் வைத்திருந்தார். அப்படி உறவிலிருந்த பெண் ஒருவர் 2010இல் அவருடைய பாஸ்போர்ட்டில் வேறு பெயரைப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. இதையெல்லாம் படித்திருந்தும், ‘நிஜத்திலும் இப்படி நடக்கிறது’ என்று சுவைக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன், அவ்வளவுதான். கென்னடியால் ஏமாற்றப்பட்ட பெண்களில் ஒருவரான கேட் வில்சன் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். இழிவான நடத்தைக்கு அவர் ஆளாக்கப்பட்டார், அது மனித உரிமை மீறல் என்று 2021இல் தீர்ப்பாயம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் என் விமர்சனத்தை எடுத்துப் பார்த்தேன். வேவுக்காரியின் மன உளைச்சலைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் வரும் குழு, மருந்துக் கம்பெனி விருந்தில் அந்தக் கம்பெனியின் ஆபத்தான மருந்தையே மேலதிகாரிகளுக்கு அவர்கள் அறியாமலே கலந்து கொடுக்கிறது. இப்படிப்பட்டவர்களை ஏமாற்றினால்தான் என்ன என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. கென்னடியோடு பழகியவர்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். அவர்களில் பலர்மீது இருந்த வழக்கு, ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தை நிறுத்தத் திட்டமிட்டார்கள் என்பது. கென்னடி ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்களை மறைத்தே அரசுத் தரப்பு தண்டனை வாங்கித் தந்தது என்று தெரிந்ததும், 2011இல் 20 பேரின் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. போராடுகிறவர்கள்மேல் எனக்கிருந்த அந்த வெறுப்பை வெளிப்படையாக எழுதத் துணிவில்லாமல்தான், திரைக்கதை நுட்பம் பற்றி அவ்வளவு எழுதினேன்.