வாங்கிய ரயிலும் ஓட்டிய ரயிலும்

ரயில் இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் ரயில்மேல் ஆசை அதிகம். எங்கள் அஞ்செட்டிக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் தேன்கனிக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து ஓசூருக்கோ கெலமங்கலத்துக்கோ போக வேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கே இன்றுவரை ரயில் இல்லை. இத்தனைக்கும் 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதையில் ரயில் ஓடியிருக்கிறது. தருமபுரியிலிருந்து ஓசூர் வரை 1913-ல் ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே நின்றுபோயின. பிறகு ஓசூர்க்காரர்களுக்கு வேறு பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான், எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பாக இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்தால் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுடுவதும் துரத்துவதும் அதில் இல்லை. சிக்னல், வேக வரம்பு, பிரேக், நேரம், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது. "இப்ப பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டா பைப்புல மறுபடி காத்து ஏற நேரம் ஆகும் தாத்தா. அஞ்சு கிலோ பிரஷர் வரணும். அதுக்குள்ள அவசரப்பட்டு மறுபடி பிடிச்சா சரியா பிடிக்காது" என்றான். இரட்டை மஞ்சள் விளக்கைக் கண்டதுமே, அடுத்த சிக்னல் வெறும் மஞ்சளாக இருக்கும் என்று வேகத்தைக் குறைத்தான். முன்னால் வரப்போவதை இப்போதே எண்ணி நடக்கும் இந்தப் பழக்கத்தை இருபத்து மூன்று வயதில் ஒரு விளையாட்டு கற்றுத்தருகிறது என்றால், அதை வெட்டிவேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விளையாட்டுகளின் கதையும் கேட்கத் தகுந்தது. மைக்ரோசாஃப்ட் 2001-ல் 'டிரெய்ன் சிமுலேட்டர்' வெளியிட்டது. அதில் இருந்த ஆறு தடங்களில் ஜப்பான் உண்டு, ஆஸ்திரியா உண்டு; இந்தியா இல்லை. இரண்டாம் பதிப்பு வரும் என்றார்கள். 2009-ல் அதை உருவாக்கிவந்த பிரிவையே நிறுவனம் மூடிவிட்டது. ஆர்வலர்கள் விடவில்லை. பழைய தடங்களும் எஞ்சின்களும் தொடர்ந்து ஓடும்படி 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் டபிள்யூ.ஏ.பி-4 போன்ற நம் எஞ்சின்களை வடித்து, ஒருவருக்கொருவர் காசு வாங்காமல் கொடுத்துக்கொண்டார்கள். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இப்படிச் செய்துகொடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் டவ்டெய்ல் நிறுவனத்தின் ரயில் விளையாட்டுகளுக்குத் தனித்தனியாக வாங்கவேண்டிய தடங்களும் எஞ்சின்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு தடம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். அத்தனையும் வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். அவர்களுடைய 'டிரெய்ன் சிம் வேர்ல்டு' 2022, 2023, 2024 என்று ஆண்டுக்கொரு புதுப் பதிப்பாக வந்தது. கிராபிக்ஸ் கார்டு வைத்த கம்ப்யூட்டர் செலவு தனி.

இதைக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடத்தைத் திரையில் கொண்டுவர நிலையம், பாலம், சிக்னல் கம்பம் ஒவ்வொன்றையும் கையால் உருவாக்க வேண்டும். எஞ்சினின் சத்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும். மாதக்கணக்கான உழைப்பு. வாங்குகிறவர்களோ கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் தலையில்தான் முழுச் செலவும் விழும். சிறு கூட்டத்துக்காகச் செய்யப்படும் எந்த நல்ல பொருளும் இப்படித்தான். உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் தவறே இல்லை.

செலவு தப்பாகிற இடம் வேறு. தள்ளுபடி வந்துவிட்டது என்று பத்துத் தடம் வாங்கி, ஒன்றைக்கூடக் கடைசி நிலையம் வரை ஓட்டாமல் விடுகிறார்களே, அங்கேதான். அடுப்பே மூட்டாமல் பாத்திரமாக வாங்கி அடுக்குகிற கதை அது. வாங்கும்போது வருகிற மகிழ்ச்சி ஒரு ராத்திரிக்குத் தாங்கும். ஒரு தடத்தின் ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் கைக்குப் பழகிவருகிற மகிழ்ச்சி ஆண்டுக்கணக்கில் கூட வரும். சீக்கிரம் தீர்ந்துபோவதற்கே நாம் அதிகம் செலவழிக்கிறோம். இது ரயில் விளையாட்டுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் தப்பு நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்கலாம். 2021 நவம்பர் 12 விடியற்காலையில், நம் பக்கத்துத் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே, பாறைகள் சரிந்து கண்ணூர்–யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அந்த எஞ்சினில் இருந்தவர்களுக்கு மறுதொடக்கம் என்று ஒன்று கிடையாது. விளையாடுகிற பிள்ளை இதை நினைத்துப் பார்த்தால், ராத்திரி கண்விழித்து நம்மை ஊர் சேர்க்கிற லோகோ பைலட்மேல் மரியாதை கூடும். இந்த விளையாட்டால் வரக்கூடிய பெரிய லாபம் அந்த மரியாதைதான்.

சம்பளம் வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, கடன் வாங்காமல், உங்கள் ஆசைக்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள். அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அடுத்த தடத்தை வாங்குமுன், கையிலிருக்கும் தடத்தில் எந்த நிலையத்துக்கு எங்கே பிரேக் போட வேண்டும் என்று திரையைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று உங்களையே கேளுங்கள். முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியாவிட்டால், நீங்கள் ஓட்டவேண்டியது இன்னும் மீதி இருக்கிறது. அதற்கான காசையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.