சுங்கமில்லாத துறைமுகம்

பட்டினப்பாலையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் சுங்கம் கொள்வோரைப் பற்றிச் சற்று நீளமாகவே பேசிவிடுகிறோம். புலிமுத்திரை பொறிக்காமல் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு மூட்டையும் நகராது. கரிகாலனின் வலிமைக்கு உருத்திரங்கண்ணனார் காட்டும் சான்றுகளுள் அதுவும் ஒன்று.

1819இல் சிங்கப்பூர்த் தீவில் ராஃபிள்ஸ் செய்தது இதற்கு நேர்மாறானது. சுங்கமே கிடையாது என்றார். டச்சுக்காரர்களின் வரியில் சலித்திருந்த வணிகர்களின் மரக்கலங்கள் அத்துறையை நோக்கித் திரும்பின. ஐந்தே ஆண்டுகளில், 1824 கணக்கெடுப்பின்படி, 10,683 பேர் அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் இந்தியர் 756.

எண்ணிக்கை சிறிது, ஆனால் கொத்தும் கரணையும் அவர்களிடம் இருந்தன. 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் கப்பலேறி வந்த நாராயண பிள்ளை முதலில் பார்த்தது வெள்ளி நாணயங்களைச் சோதிக்கும் வேலை. ஓலையும் பலகையுமாக எழும்பிக்கொண்டிருந்த ஊரில் செங்கல் சூளை வைக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்குத்தான். கொத்தரையும் தச்சரையும் அனுப்புமாறு பினாங்குக்கு எழுதினார். துணிக்கடையும் வைத்தார்; 1822இல் அது தீக்கிரையானது. மனிதர் மீண்டும் எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் அவர் முயற்சியால், மரமும் ஓலையுமாகத்தான் எழுந்தது. (ஊருக்கே செங்கல் அறுத்தவர் அம்மனுக்கு ஓலை வேய்ந்தது நமக்கு வியப்பே.) அதே சாலையில் அதற்கு ஓராண்டு முன்பே சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் நிறுவப்பட்டிருந்தது.

நம் தென்காசி வட்டாரத்தார் அங்கே சென்றது பிற்பாடு, இருபதாம் நூற்றாண்டில்தான். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நெசவுக் குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினர். பெண்களும் உடன் சென்றனர். மசாலா அரைத்து விற்றனர். நம் மாணவர் பலர் வீட்டில் இன்றும் சிங்கப்பூர் உறவு உண்டு. எனினும் அந்நகரின் முதல் செங்கல்லை யார் சுட்டார் என்று கேட்டால் வகுப்பு விழிக்கிறது. விழிக்காமல் என்ன செய்யும்? நம் பாடத்திட்டத்தில் கடல் வணிகம் காவிரிப்பூம்பட்டினத்தோடு மூழ்கிப்போகிறது.

சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. உமறுப் புலவர் பெயரைச் சூட்டியது. 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. அவர் பெயர் இன்று அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்திற்கு வழங்குகிறது. சீறாப்புராணத்தை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம்.