தண்டச்சோறு இலை

மணி பிளான்ட் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உடனே இரண்டு கேள்வி வரும். 'திருடினதா, வாங்கினதா?' என்பது ஒன்று. 'பணம் வந்துச்சா?' என்பது இன்னொன்று. திருடி வைத்தால்தான் வளரும் என்று நம்மூரில் ஒரு சாஸ்திரம் உண்டே! நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். செலவு மட்டும் உடனே வந்தது.

சாதாரணப் பச்சை ரகம் இல்லை சார் இது. இலை முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். 'மார்பிள் குயின்' என்று பெயர். பூர்வீகம், பசிபிக் கடலில் மூரியா என்கிற தீவு. மகாராணி வந்து சேர்ந்ததோ திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடி. இரண்டு கட்டில், ஒரே ஜன்னல்.

அந்த ஜன்னலோரம்தான் வேண்டும் என்றார் நர்சரிக்காரர். நல்ல வெளிச்சம் வேணும், ஆனா நேர் வெயில் ஆகாது. வெயில் பட்டால் வெள்ளைப் பகுதி கருகும். இருட்டில் வைத்தால் புது இலைகளில் வெள்ளை குறைந்து பச்சை ஏறிவிடும். தண்ணீர்? விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்க்கணும். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றணும். தேங்கினால் வேர் அழுகும்.

பகலில் காவல், என் ரூம்மேட். வேலை போய் ஏழு மாசம். வாடகையும் மெஸ் பில்லும் என் தலையில். அதை நானும் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை. ராத்திரியானால் மட்டும், "எனக்குப் பசியில்லடா, நீ போயிட்டு வா" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், ஒரு கிளை முழுப் பச்சையாக ஓடுகிறது. இன்னொன்று ஏறக்குறைய முழு வெள்ளை.

"வெள்ளைதாண்டா அழகு" என்றான்.

"அழகுதான். ஆனா அதுல பச்சையம் கிடையாது. சமைக்கிறதெல்லாம் பச்சை. வெள்ளை உட்கார்ந்து சாப்பிடும்."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். "தண்டச்சோறுன்னு சொல்லு" என்று சிரித்தபடி கத்தரிக்கோலை எடுத்து வெள்ளைக் கிளைப் பக்கம் போனான்.

"டேய், அது இல்லடா! பச்சையை வெட்டு."

"சம்பாதிக்கிறவனையா?"

"அவன் வேகமா வளர்ந்து தொட்டி முழுக்கப் பிடிச்சுக்குவான். வெள்ளைத் திட்டு இருக்கிற கடைசி இலைக்கு மேல வெட்டணும். வெட்டினதைக் கணுவோட பாட்டில் தண்ணியில போட்டா வேர் விட்டுப் பொழச்சுக்கும்."

"வெள்ளையை வெட்டிப் போட்டா?"

"தனியா நட்டா பொழைக்காது. கொடியோட சேர்ந்து இருந்தாத்தான் இருக்கும். இருக்கட்டுமே, அதனால கொடிக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவன் பதில் சொல்லவில்லை. பச்சையை மட்டும் வெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தான்.

அன்று ராத்திரி நான் கூப்பிடுவதற்கு முன்பே சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். மெஸ்ஸில் அஞ்சு இட்லி சாப்பிட்டான் என்று நினைத்தேன். பில்லில் எட்டு என்று இருந்தது!