ஜமேக்கா ரம்மும் எங்கள் வீட்டுச் சாதிக்காயும்

சென்ற மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தை மகன், கெலிஓயா வீட்டின் விறாந்தையில் பயணப்பையைத் திறந்தான். சொக்லேட்டுகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் அடியிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு போத்தல் வெளியே வந்தது. 'ரே அன்ட் நெவ்யூ' என்னும் ஜமேக்கா ரம். தண்ணீரைப் போன்ற நிறம். மதுசாரம் 63 வீதம்.

"ஸ்காபரோவுல பக்கத்து வீட்டுக்காரர் ஜமேக்கா ஆளு மச்சான். தடிமன் புடிச்சாலும் இதுதான், சாவு வீட்டுக்கும் இதுதான்" என்றான்.

முப்பது வருடம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் குடியை அறியமாட்டான் என்றால் எவரும் நம்பப் போவதில்லை. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னிரவுகளில் நம் நாட்டுத் தென்னஞ் சாராயத்தை எல்லாத் தரத்திலும் அருந்தியிருக்கிறேன். இன்று மருத்துவர் சொற்படி பண்டிகைக்கு ஒரு கிளாஸ். எனினும் மூடியைத் திறந்ததும் எழுந்த மணம் எனக்குப் புதிது. முற்றத்தில் விழுந்து வெடித்து இரண்டு நாள் வெயிலில் கிடந்த கூழன் பலாப்பழத்தின் மணம். அதற்குள் வாழைப்பழம், அன்னாசி. அடியில் லேசாக வார்னிஷ்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தென்னங்கள் மரத்திலிருந்து இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள் வடித்துவிடுகிறார்கள். பின்னர் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் அது அமைதியாக முதிர்கிறது. ஆகவே நம் சாராயம் மெல்லிய சுபாவம் கொண்டது. ஜமேக்காவின் பழைய வடிசாலைகளின் வழி வேறு. கரும்பாலையில் எஞ்சும் கழிவுப் பாகைக் காற்றிலுள்ள காட்டு நொதியங்களிடமே விட்டுவிடுகிறார்கள். முந்திய வடிப்பின் அடிமண்டியை, 'டண்டர்' என்பார்கள், குழியிலோ தொட்டியிலோ சேர்த்து வைத்து அடுத்த தொகுதியில் ஊற்றுகிறார்கள். வாரக்கணக்கில் அது புளிக்கிறது. பக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலங்கள் மதுசாரத்தோடு கூடி எஸ்டர்கள் ஆகின்றன. பழுத்த பழங்களுக்கு மணம் தருபவையும் எஸ்டர்களே. 1753இல் தொடங்கிய ஹம்ப்டன் வடிசாலையில் மிகக் கனமான வகை ஒன்றுண்டு. நூறு லீற்றர் தூய மதுசாரத்துக்கு 1500 முதல் 1600 கிராம் வரை எஸ்டர். அது நேரே குடிப்பதற்காகப் பிறந்ததல்ல. மற்றச் சரக்குகளில் கலக்கவும் இனிப்புப் பண்டங்களுக்கு மணமூட்டவும் செய்யப்பட்டது. எங்கள் போத்தல் அவ்வளவு மூர்க்கமானதல்ல என்றாலும் அதே வம்சம்தான்.

தேக்கரண்டியில் நாலு சொட்டு நாக்கில் விட்டேன். நெருப்பு. சம அளவு தண்ணீர் சேர்த்தபோதுதான் பழங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடுஞ்சரக்கைத் தண்ணீர் கெடுக்கும் என்போர் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

தண்ணீர் கலந்த அந்த நிமிடத்தில் அத்தை மகன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அவன் மூக்குக்கு எட்டியது எனக்கும் எட்டியது. கோடா. வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சீனியையும் ஈஸ்டையும் கையில் கிடைத்ததையும் பீப்பாயில் ஊறவைத்தால் கோடா, அதை ஓடைக்கரையில் களவாக வடித்தால் கசிப்பு.

அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தவறணைச் சாராயம் குடிப்பார், பாட்டுப் பாடுவார், உறங்கிவிடுவார். 1989இல் ஊரடங்கும் கடையடைப்பும் மாறிமாறி வந்தபோது தவறணைக்குப் போய்வர வழியில்லை. மலைமேல் ஓடையருகே ஒருவர் வடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் விறகு பொறுக்கப் போவதுபோல் போய் ஒரு போத்தல் வாங்கி வந்தால் யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். அந்த இருவரும் நாங்கள்தாம். தவறணை திறந்த பின்னும் அப்பா பழைய சாராயத்துக்குத் திரும்பவில்லை, கசிப்பு மலிவு. 1991இல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் பிராந்திய நிருபராகக் கசிப்பு மரணங்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதினேன். எங்கள் வீட்டுச் செய்தியை எழுதவில்லை.

"போத்தலத் தூக்கினது நாந்தானே மச்சான். நீ வழி பாத்துக்கிட்டு நின்ன" என்றான் அவன்.

"காசு கொண்டு போனது நான்" என்றேன்.

முப்பத்தைந்து வருடங்களில் இதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். சற்று நேரம் கழித்து, கம்பளைப் பக்கம் போகும் ரயில் கூவிக்கொண்டு கடந்தது.

ஜமேக்கா நமக்கு எங்கோ இருக்கும் நாடு என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே அடிமைமுறை 1838இல் முற்றாக முடிவுக்கு வந்த காலத்தில்தான் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஜமேக்காவில் பயிற்சி பெற்ற ஆர். பி. டைட்லர் 1837இல் இலங்கை வந்து மேற்கிந்தியப் பயிர்ச்செய்கை முறையை அறிமுகம் செய்தார். கோப்பியின் பின்னால் நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காடு வழியாக நடந்து வந்தார்கள். அவர்களின் பின்னால் தவறணைகள் வந்தன. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் போட்டது. ஏலம் எடுத்தவர்கள் செல்வந்தர் ஆனார்கள். அந்தக் குத்தகைக்காரர்களின் எழுச்சியைக் குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது, அப்பாவின் தவறணைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஜமேக்காவுக்கும் 1845இல் இந்தியக் கூலிகளின் முதற் கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே கரும்பு, இங்கே கோப்பி.

போத்தலை மூடி வைத்துவிடலாமா என்று கேட்டேன். கடல் கடந்து கொண்டு வந்ததை அப்படி விடுவதா என்றான். ஆகவே பஞ்ச் கலக்க முடிவு செய்தோம். பஞ்ச் என்ற பெயர் ஐந்தைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து, மறுப்போரும் உளர். ஆங்கிலக் கடிதமொன்றில் அச்சொல் 1632இலேயே இருக்கிறது. ரம் பிரபலமாவதற்கு முன் அதில் கலந்தது சாராயமே. ஐந்தும் எங்கள் வளவிலேயே கிடைத்தன, சரக்கைத் தவிர: தேசிக்காய், கித்துள் பாணி, தேயிலைச் சாயம், சாதிக்காய்.

மேற்கிந்தியர் கணக்குப்படி புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் வகை நான்கு. முதற் கலவை பாழ். சூடான சாயத்தை ஊற்றியதும் மதுசார ஆவி முகத்தில் அடித்து இருவரும் இருமினோம். இரண்டாம் முறை சாயத்தை நன்றாக ஆறவிட்டு, பாணியை ஒன்றரையாகக் குறைத்து, சரக்கை இரண்டாக்கினேன். கித்துளின் புகை வாசம் அந்தப் பலாமணத்தைப் பிடித்து நிறுத்தியது. சாயத்தின் துவர்ப்பு இனிப்பை அடக்கியது. கத்தி முனையால் சாதிக்காயைச் சுரண்டித் தூவினோம். சீனிப் பாகில் இது வராது என்று உறுதியாகச் சொல்வேன். சோடா சேர்ப்பதும் வீண்.

இருமல் கேட்டு அம்மா வந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. போத்தலை எடுத்து மூக்கருகே பிடித்தார். எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

"கசிப்பு இல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "இத முழங்காலுக்குத் தடவினா நோவு கொறையுமாடா?" என்று கேட்டார்.

ஜமேக்காக்காரர்களும் தடவுவார்கள் என்று அவன் சொன்னான். அன்று பாதிக்கு மேல் எஞ்சிய போத்தல் இப்போது அம்மாவின் அலுமாரியில், சித்தாலேப டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி அவரிடம்.